நம்பிக்கையைக் கேட்டு வேலை தரும் அமைப்புக்கு அரசு வரிச் சலுகை தரலாமா?

என்னிடம் வந்த கேள்வி இது: "அமெரிக்காவில் அரசும் மதமும் தனித்தனி என்கிறார்கள். அப்படியிருக்க, தங்கள் மதக் கொள்கையை ஏற்பவர்களுக்கு மட்டுமே வேலை தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் அமைப்புக்கு ஒரு மாநில அரசு எப்படி வரிச் சலுகை தர முடிந்தது? வேலை மறுக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்க முடியாதா?"

இன்றைய அமெரிக்கச் சட்டப்படி தரலாம். பல நேரங்களில், தர மாட்டேன் என்று மறுக்கத்தான் அரசுக்கு வழியில்லை. இந்த நிலைமை எனக்கு உவப்பானது அல்ல. ஆனால் இதைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தைத்தான் திட்டுகிறார்கள். என் கணக்கில் முதல் தவறு சட்டமன்றத்துடையது. அதற்கான காரணத்தைச் சொல்ல, நீங்கள் மறைமுகமாகக் குறிப்பிடும் கென்டகி மாநில வழக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

கென்டகியின் வடக்குப் பகுதியில், சின்சினாட்டியிலிருந்து லெக்சிங்டன் போகும் 75-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பைபிளில் வரும் நோவாவின் பேழைக் கப்பலை முழு அளவில் மரத்தால் கட்டி, சுற்றுலாத் தலமாக நடத்துகிறார்கள். பைபிளின் ஆதியாகமம் சொல்லும் 300 முழ நீளத்தை அவர்கள் 510 அடியாகக் கணக்கிட்டுக் கட்டினார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 10 கோடி டாலர் செலவு. இதன் பின்னால் இருப்பது கென் ஹாம் தலைமையிலான 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' என்ற அமைப்பு. பூமி ஆறு நாட்களில் படைக்கப்பட்டது, அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று போதிக்கும் அமைப்பு அது. 2007-இலேயே அருகில் பீட்டர்ஸ்பர்க் என்ற இடத்தில் படைப்பு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருந்தது.

கென்டகியில் சுற்றுலா வளர்ச்சிச் சட்டம் ஒன்று உண்டு. வெளிமாநிலத்தவரை ஈர்க்கக்கூடிய, ஆண்டில் போதுமான நாட்கள் திறந்திருக்கக்கூடிய, மாநிலத்துக்கு மொத்தத்தில் வருவாய் கூட்டக்கூடிய புதிய சுற்றுலாத் திட்டம் எதுவும் விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கிடைத்தால், அந்த இடத்தில் வசூலாகும் விற்பனை வரி, முதலீட்டுச் செலவில் 25 சதவீதம் என்ற உச்சவரம்பு வரை, பத்து ஆண்டுகளில் முதலீட்டாளருக்குத் திரும்பித் தரப்படும். முதலில் கையில் பணம் தருவதில்லை. பார்வையாளர் டிக்கெட் வாங்கும்போதும் சாப்பிடும்போதும் 6 சதவீத விற்பனை வரி கட்டுகிறார். அது அரசுக்குப் போகிறது, பிறகு அரசிலிருந்து பூங்காவுக்குத் திரும்பி வருகிறது. கூட்டம் வராவிட்டால் சலுகையும் இல்லை. விண்ணப்பத்தில் காட்டிய செலவு மதிப்பீட்டின்படி, பேழைப் பூங்காவின் முதல் கட்டத்துக்கு இந்த வழியில் அதிகபட்சம் 1 கோடியே 80 லட்சம் டாலர் கிடைக்கலாம் என்பது அன்றைய கணக்கு.

2010 டிசம்பரில் இந்தத் திட்டத்தை அறிவிக்கும் மேடையில் நின்றவர் அன்றைய ஆளுநர் ஸ்டீவ் பெஷியர். ஜனநாயகக் கட்சிக்காரர். வேலைவாய்ப்பு வருகிறது என்று ஆதரித்தார். 2011-இல் முதல் ஒப்புதல் கிடைத்தது. பணம் திரட்டுவதில் தாமதமாகவே பழைய விண்ணப்பம் கைவிடப்பட்டு, 2014-இல் புதிதாக விண்ணப்பித்தார்கள். சுற்றுலா வாரியம் அந்த ஆண்டு ஜூலையில் பூர்வாங்க ஒப்புதலும் தந்தது.

அடுத்த மாதமே சிக்கல் வந்தது. ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் வெளியிட்ட ஒரு வேலை விளம்பரம் வெளிச்சத்துக்கு வந்தது. கணினியில் வரைபடம் தயாரிக்கும் தொழில்நுட்ப வேலை அது. விண்ணப்பத்துடன் மூன்றைக் கேட்டிருந்தார்கள்: இரட்சிப்பைப் பற்றிய சாட்சி (இயேசுவால் மீட்கப்பட்டதாகச் சொல்லும் வாக்குமூலம்), படைப்பு பற்றிய நம்பிக்கையை விளக்கும் அறிக்கை, அமைப்பின் விசுவாச அறிக்கையோடு உடன்படுவதாக உறுதிமொழி. வரைபடம் வரைபவருக்கு எதற்கு இரட்சிப்பின் சாட்சி என்று எதிர்ப்பு எழுந்தது. இது எங்கள் அமைப்பின் வேலை, பூங்காவின் வேலை அல்ல என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள். மாநில அரசு, பூங்காவில் ஆள் எடுக்கும்போது மதப் பாகுபாடு காட்ட மாட்டோம் என்று எழுதித் தாருங்கள் என்றது. அவர்கள் மறுத்தார்கள். 2014 டிசம்பரில் சுற்றுலாத் துறைச் செயலர் பாப் ஸ்டூவர்ட், சலுகை இல்லை என்று கடிதம் அனுப்பினார். சுற்றுலாத் தலம் என்று தொடங்கியது மதப் பரப்புரையின் நீட்சியாக மாறிவிட்டது, அரசுச் சலுகை அதற்குப் பயன்படக் கூடாது என்பதும், மதம் பார்த்து ஆள் எடுப்பதும் அவர் சொன்ன காரணங்கள்.

2015 பிப்ரவரியில் ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரி 25 அன்று நீதிபதி கிரெகரி வான் டாட்டன்ஹோவ் அவர்களுக்குச் சாதகமாகத் தடையாணை பிறப்பித்தார். பொதுவான ஒரு திட்டத்தின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் விண்ணப்பதாரரை, அவருடைய மத நோக்கத்தைக் காட்டி ஒதுக்குவது, மத சுதந்திரத்தைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு எதிரானது என்றார். மதம் பார்த்து ஆள் எடுக்க இந்த அமைப்புக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கும்போது, அதைப் பயன்படுத்தியதற்காகச் சலுகையை மறுக்க முடியாது என்றும் சொன்னார். அதற்குள் ஆளுநர் மாறியிருந்தார். 2015 டிசம்பரில் பதவியேற்ற குடியரசுக் கட்சியின் மேட் பெவின் மேல்முறையீடு செய்யவில்லை. ஏப்ரலில் சலுகைக்கு ஒப்புதல் வந்தது, ஜூலை 7 அன்று பூங்கா திறந்தது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டுத்தான் சேர்ந்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கே மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்காவிட்டால் விவாதம் எங்கும் போய்ச் சேராது. மதம் பார்த்து ஆள் எடுக்கலாமா? எடுப்பவருக்கு அரசு உதவலாமா? உதவி வேண்டுமானால் அப்படி எடுக்கக் கூடாது என்று அரசு நிபந்தனை போடலாமா? கோபப்படுகிறவர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். சிக்கல் மூன்றாவதில்தான் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் ஏழாம் பகுதி, இனம், நிறம், மதம், பால், தேசப் பூர்வீகம் ஆகியவற்றைப் பார்த்து வேலை தருவதையும் மறுப்பதையும் தடை செய்தது. அதே சட்டத்தின் 702-ஆம் பிரிவு மத அமைப்புகளுக்கு ஒரு விலக்கு தந்தது: அவை தங்கள் மதத்தவரைத் தேர்ந்து எடுக்கலாம். தொடக்கத்தில் இந்த விலக்கு மதம் சார்ந்த பணிகளுக்கு மட்டுமே இருந்தது. போதகருக்குப் பொருந்தும், கணக்காளருக்குப் பொருந்தாது. 1972-இல் செனட்டர் சாம் எர்வின் முயற்சியில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அன்றிலிருந்து அமைப்பின் எந்தப் பணிக்கும், தோட்டம் கூட்டும் வேலை உட்பட, மதம் பார்க்கலாம். மதத்துக்கு மட்டுமே இந்த விலக்கு. இனத்தையோ பாலினத்தையோ பார்க்க இது அனுமதி தரவில்லை.

இது அளவுக்கு மீறிய சலுகை இல்லையா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1987-இல் ஏமோஸ் வழக்கில் தீர்த்துவிட்டது. சால்ட் லேக் சிட்டியில் மார்மன் திருச்சபைக்குச் சொந்தமான உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருந்தது. அதன் கட்டடப் பராமரிப்பாளர் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவர். திருச்சபையின் ஆலயத்துக்குள் நுழையத் தேவையான தகுதிச் சான்று அவரிடம் இல்லை என்பதற்காக வேலை போனது. ஒன்பது நீதிபதிகளும் திருச்சபையின் பக்கமே நின்றார்கள். எது மதப் பணி, எது மதப் பணி அல்ல என்று நீதிபதி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தால், அதுவே மதத்துக்குள் அரசு தலையிடுவதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின் வலுவை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பராமரிப்பாளரின் பதினாறு ஆண்டுகளைப் பற்றித் தீர்ப்பில் ஆறுதலாக ஒன்றும் இல்லை.

அந்தத் தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. முடிவோடு உடன்பட்டாலும் தனியே எழுதிய நீதிபதிகள் பிரென்னனும் ஓ'கானரும், இந்த விலக்கு லாப நோக்கற்ற பணிகளுக்குப் பொருந்தும், லாபத்துக்காக நடத்தும் தொழிலுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி என்று குறித்து வைத்தார்கள். பேழைப் பூங்காவை நடத்துவது 'ஆர்க் என்கவுண்டர்' என்ற லாப நோக்குள்ள நிறுவனம். அதை 'கிராஸ்வாட்டர் கேன்யன்' என்ற லாப நோக்கற்ற நிறுவனம் வைத்திருக்கிறது. அதற்கும் மேலே ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ். மேலே இருக்கும் அமைப்பு மத அமைப்பு என்பதால் கென்டகி நீதிபதி விலக்கை ஏற்றார். மாநிலம் மேல்முறையீடு செய்திருந்தால் உரசிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இந்த அடுக்கு அமைப்பு வெறும் காகித விஷயம் அல்ல என்பதை அடுத்த ஆண்டே பார்த்தோம். 2017-இல் வில்லியம்ஸ்டவுன் நகரம், காவல், தீயணைப்புச் செலவுக்காக ஒரு டிக்கெட்டுக்கு 50 சென்ட் பாதுகாப்பு வரி விதித்தது. மத அமைப்பு என்பதால் வரியிலிருந்து விலக்கு வேண்டும் என்றது பூங்கா. பிறகு, பல கோடி டாலர் பெறும் தன் நிலத்தைத் தன் லாப நோக்கற்ற தாய் நிறுவனத்துக்கு வெறும் 10 டாலருக்கு விற்றது. சலுகை பெற்றது லாப நோக்குள்ள நிறுவனம், இப்போது சொத்து அதன் கையில் இல்லை, இது ஒப்பந்த மீறல் என்று மாநில அரசு விற்பனை வரிச் சலுகையை நிறுத்தி வைத்தது. நிலம் திரும்ப மாற்றி எழுதப்பட்டது, பூங்கா அந்த 50 சென்ட்டையும் கட்ட ஒப்புக்கொண்டது. சலுகை வாங்கும்போது தொழில் நிறுவனம், வரி கட்டும்போது மத அமைப்பு என்று இரு பக்கமும் நிற்பதைத் தடுக்க அரசால் முடியும் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது. பெவின் காலத்து அரசேதான் இதைச் செய்தது என்பது கவனிக்க வேண்டியது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதத்தை நிறுவும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது முதல் திருத்தம். ஆனால் மத அமைப்புக்குப் பயன் தரும் எல்லாச் சலுகையும் மதத்தை நிறுவுவது ஆகாது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. தேவாலயங்களுக்குச் சொத்து வரி விலக்கு செல்லும் என்று 1970-இல் வால்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அருங்காட்சியகம், நூலகம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் தரும் விலக்கைத் தேவாலயத்துக்கும் தருகிறது அரசு என்பது காரணம். மாறாக, மதப் பத்திரிகைகளுக்கு மட்டும் டெக்சஸ் மாநிலம் தந்த விற்பனை வரி விலக்கை 1989-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லோருக்கும் தருவதை மதத்துக்கும் தரலாம், மதத்துக்கு மட்டும் தரக் கூடாது. கென்டகியின் சுற்றுலாச் சட்டம் முதல் வகையைச் சேர்ந்தது.

வால்ஸ் வழக்கில் அரசு பணம் தரவில்லை, கேட்காமல் விட்டது, அவ்வளவுதான். கென்டகியில் அரசு வசூலித்துத் திருப்பித் தருகிறது. என் பார்வையில் இது மானியத்துக்கு நெருக்கமானது. இருந்தாலும் யார் பூங்காவுக்குப் போவது என்பதை அரசு தீர்மானிப்பதில்லை, டிக்கெட் வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார். தனிமனிதர் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தால் அது அரசின் மத ஆதரவு ஆகாது என்று 2002-இல், பெற்றோர் தேர்ந்த பள்ளியில் கட்டக்கூடிய கிளீவ்லாந்தின் பள்ளிக் கட்டணச் சீட்டு பற்றிய வழக்கில் சொன்னதை இங்கேயும் பொருத்தலாம்.

அதற்குப் பின் காற்று இன்னும் ஒரே திசையில் வீசியது. மிசூரி மாநிலத்தில் ஒரு லூத்தரன் தேவாலயம் நடத்தும் மழலையர் பள்ளி, விளையாட்டுத் திடலுக்குப் பழைய டயர் ரப்பரில் தரை போட மானியம் கேட்டது. 44 விண்ணப்பங்களில் ஐந்தாவது இடம் பெற்றும் தேவாலயம் என்பதால் மறுக்கப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த மறுப்பைச் செல்லாததாக்கியது. 2020-இல் மான்டானா, 2022-இல் மெய்ன் என்று பள்ளி உதவித் திட்டங்களிலும் இதே தீர்ப்பு. ஸ்டூவர்ட் எழுதிய கடிதத்தின் முதல் காரணம், அதாவது மதப் பரப்புரைக்கு அரசு உதவாது என்பது, இன்று எழுதப்பட்டிருந்தால் ஒரு நாள்கூட நிற்காது.

அவருடைய இரண்டாவது காரணத்தில்தான் உயிர் இருந்தது. யாராக இருந்தாலும், மக்கள் கட்டிய வரி திரும்பி வேண்டுமானால், அந்த மக்களில் எவருக்கும் மதம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது. இது மதத்தை ஒதுக்கும் விதி அல்ல. ஓட்டல் நடத்துபவருக்கும் பந்தய மைதானம் நடத்துபவருக்கும் பேழை நடத்துபவருக்கும் ஒன்றாகப் பொருந்தும் விதி. ஆனால் கென்டகிச் சட்டத்தில் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கவில்லை! சட்டத்தில் இல்லாத நிபந்தனையை, விண்ணப்பம் பாதி வழி வந்த பிறகு, ஒரு மத அமைப்பிடம் மட்டும் கேட்டது அரசு. அது தோற்றதில் எனக்கு வியப்பில்லை. சட்டமன்றம் முன்பே எழுதியிருக்க வேண்டியதை ஒரு செயலர் கடிதத்தால் ஈடுகட்ட முடியாது.

எழுதியிருந்தால் வென்றிருக்குமா? வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. சாதகமாகச் சொல்ல நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. இனப் பாகுபாடு காட்டிய பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், அது எங்கள் மத நம்பிக்கை என்று வாதிட்டும், வருமான வரி விலக்கை இழந்தது சரியே என்று 1983-இல் 8-க்கு 1 என்று தீர்ப்பானது. 2010-இல், கலிபோர்னியாவில் ஒரு சட்டக் கல்லூரி, எல்லா மாணவரையும் சேர்க்கும் சங்கங்களுக்கு மட்டுமே அங்கீகாரம் என்று வைத்த விதியை, கிறிஸ்தவ மாணவர் சங்கம் எதிர்த்தும் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஏற்றது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதே அங்கே அதைக் காப்பாற்றியது. ஓரிகான் மாநிலம் இளைஞர் நலப் பணிகளுக்கான மானியத்தில் இதுபோன்ற வேலைவாய்ப்பு நிபந்தனையைச் சேர்த்தது. அதை எதிர்த்த கிறிஸ்தவ அமைப்பின் வழக்கில், அரசுப் பணத்தில் நடக்கும் பணிகளைப் பொறுத்தவரை ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு 2025-இல் மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது.

எதிர்ப்பக்கமும் வலுவானது. சிறார் குற்றத் தடுப்புக்காக 'வேர்ல்ட் விஷன்' என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்கு 15 லட்சம் டாலர் கூட்டாட்சி மானியம் கிடைத்தது. அந்த மானியச் சட்டத்தில் மதப் பாகுபாடு கூடாது என்ற நிபந்தனை தெளிவாகவே இருந்தது. ஆனாலும், மத நடைமுறையின் மேல் அரசு பெருஞ்சுமை ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1993-ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டத்தின் கீழ் அந்த அமைப்புக்கு விலக்கு தர வேண்டும் என்று கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகச் சட்ட ஆலோசனை அலுவலகம் 2007-இல் கருத்து எழுதியது. கென்டகியிலும் அதேபோன்ற மாநிலச் சட்டம் உண்டு. 2013-இல் பெஷியர் அதைத் தம் அதிகாரத்தால் நிராகரித்தார், சட்டமன்றம் அந்த நிராகரிப்பைத் தாண்டி நிறைவேற்றியது. ஆகவே, நிபந்தனையை எழுதியிருந்தாலும் அதை மீற இன்னொரு கதவு திறந்தே இருந்திருக்கும்.

எனக்கு மனம் ஆறாதது வேறு இடத்தில். விற்பனை வரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். உள்ளூர் ஏற்பாடுகளைப் பார்த்தவர்கள் குறைவு. பூங்காவுக்காக வில்லியம்ஸ்டவுன் நகரம் 6 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வழி செய்தது. அதைத் திருப்பித் தரும் பொறுப்பு நகரத்துக்கு இல்லை. சொத்து மதிப்பு உயர்வதால் கிடைக்கும் சொத்து வரியில் 75 சதவீதம் முப்பது ஆண்டுகளுக்குத் திட்டத்துக்கே போகும். அதற்கும் மேல், அந்த எல்லைக்குள் வேலை செய்பவர்களின் ஊதியத்தில் 2 சதவீதம் பிடித்துத் திட்டத்துக்குத் தர வேண்டும். டிக்கெட் கிழிப்பவரும் சமையலறையில் பாத்திரம் கழுவுபவரும் தம் சம்பளத்திலிருந்து முதலாளியின் முதலீட்டுக்குப் பங்கு தருகிறார்கள். அந்த வேலை கிடைக்கவே முதலில் பூமியின் வயது பற்றிய அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அதே ஊரில் வாழும் ஒரு கத்தோலிக்கரோ யூதரோ, பரிணாமத்தை ஏற்கும் இன்னொரு கிறிஸ்தவரோ அந்த அறிக்கையில் மனசாட்சியோடு கையெழுத்திட முடியாது. பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய வரியில் அவருக்கும் பங்கு உண்டு. வேலைவாய்ப்பு வரும் என்று சொல்லித்தான் இந்தச் சலுகைக்கே மக்கள் ஆதரவு திரட்டப்பட்டது. அந்த வேலை யாருக்கு என்று அப்போதே கேட்டு, சட்டத்தில் எழுதியிருக்க வேண்டாமா?

இந்த வழக்கை மற்ற மாநிலங்களுக்கு அப்படியே பொருத்திவிடவும் கூடாது. அது மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் இடைக்காலத் தடையாணை. மேல்முறையீடு இல்லாததால் உயர் நீதிமன்றம் எதுவும் அதை உரசிப் பார்க்கவில்லை, வேறு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

வேலை மறுக்கப்பட்டவர் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். மறுப்புக்குக் காரணம் மத நம்பிக்கை மட்டும்தான் என்றால், 702-ஆம் பிரிவு இருக்கும்வரை அவருக்கு வழி மிகக் குறைவு. ஆனால் மதம் ஒரு போர்வைதான், உள்ளே இருப்பது நிறமோ தேசப் பூர்வீகமோ கர்ப்பமோ என்று காட்ட முடிந்தால் விலக்கு அந்த நிறுவனத்தைக் காப்பாற்றாது. ஒரே கொள்கையை ஏற்ற இருவரில் ஒருவரை மட்டும் எடுத்திருந்தால், அந்த வேறுபாட்டை எழுத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் வெளி நிறுவனம், அதாவது துப்புரவுக் குத்தகைதாரரோ கட்டட ஒப்பந்தக்காரரோ, மத அமைப்பு இல்லை என்றால், அவருக்கு இந்த விலக்கே கிடையாது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஏழாம் பகுதி முழுமையாகப் பொருந்தும். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தரக் கெடு பொதுவாக 180 நாட்கள், மாநிலத்திலும் இதற்கென ஓர் ஆணையம் உள்ள இடங்களில் 300 நாட்கள். இந்தக் கெடுவைத் தவறவிட்டு நல்ல வழக்கையும் இழப்பவர்கள் நிறையப் பேர். விளம்பரத்தின் நகல், விண்ணப்பப் படிவம், வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் மாதத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.